மூட்டில் தொடங்கி இருதயம் வரை
முடக்குவாத நோயாளிகளின் இரத்தக்குழாய்களைப் பற்றி ஒரு பாடம்



தாம்பரம் இரயில் நிலையத்தின் நடைமேம்பாலப் படிகளைக் காலை 7 மணிக்குப் பார்த்திருக்கிறீர்களா? வேலைக்கு ஓடுகிற கூட்டத்தின் ஓரமாக, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து மெல்ல ஏறும் பெண்கள் சிலரை அங்கே எப்போதும் காணலாம். "பாவம், மூட்டு வலி" என்று எண்ணி நாம் கடந்துபோகிறோம். அவர் பாதிப் படியில் நின்று மூச்சு வாங்கும்போதும் அதே மூட்டு வலிதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த நினைப்பு தவறாக இருக்கக்கூடும் என்பதே இம்மாதப் பாடம். இதை உங்களுக்குச் சொல்லித்தரும் தகுதியோடு நாங்கள் எழுதவில்லை. நாங்களே தாமதமாகக் கற்ற பாடம் இது.

எங்களிடம் சிகிச்சைக்கு வந்த ஒரு சகோதரியின் அனுபவத்தை, அவரை அடையாளம் காண முடியாதபடி, இங்கே எழுதுகிறோம். அவருக்கு வயது 48. வீட்டிலேயே தையல் வேலை. முதலில் விரல் கணுக்கள் வீங்கின. காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்கு விரல்களை மடக்க முடியாது. மகளுக்குச் சடை பின்ன முடியாது. குழாயைத் திருக முடியாது. இட்லிப் பானையைத் தூக்கி இறக்க முடியாது. இரண்டு வருடம் மருந்துக்கடையில் "வலிக்கு ஒரு செட் மாத்திரை" என்று கேட்டு வாங்கி விழுங்கியே காலத்தைத் தள்ளியிருந்தார். எங்களிடம் வந்தபோது இரத்தப் பரிசோதனை செய்து, முடக்குவாதம் என்று கண்டு, உரிய மருந்தைத் தொடங்கினோம். ஆறே மாதத்தில் ஊசியில் நூல் கோத்தார். எங்களுக்கும் மிகுந்த சந்தோஷம்.

அடுத்த வருடம் அவர் மூன்று முறை ஒரே விஷயத்தைச் சொன்னார். "ரொம்பக் களைப்பா இருக்கு. மாடிப்படி ஏறினா தோள்பட்டையும் தாடையும் கடுக்குது. வாயுவா இருக்கும்." நாங்களும் தோளைத்தான் அசைத்துப் பார்த்தோம். இ.சி.ஜி. எடுக்கவில்லை. அவருடைய இரத்த அழுத்தம் ஒன்பது மாதமாகக் குறிக்கப்படவில்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தோம். ஓர் இரவில் வியர்த்துக் கொட்டி, மூச்சுத் திணறி, 108 வண்டியில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மாரடைப்பு. உயிர் பிழைத்தார். ஆனால் இருதயத்தின் பலம் குறைந்துவிட்டது. மீண்டும் எங்களிடம் வந்தபோது அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் டாக்டரம்மா, இந்த நோய் நெஞ்சுக்கும் போகும்னு ஒருத்தரும் சொல்லலியே?"

அந்தக் கேள்விக்கு நாங்கள் அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் கீழே எழுதுகிறோம்.

1. இது எந்த வாதம்?

நம் ஊரில் மூட்டு வலித்தால் எல்லாமே "வாதம்"தான். ஆனால் பெயர் ஒன்றாக இருந்தாலும் நோய்கள் வேறு வேறு. முதலில் இவற்றைப் பிரித்து அறிவோம்.

மூட்டுத் தேய்மானம் என்பது வயதாலும் உடல் பாரத்தாலும் முழங்கால் போன்ற மூட்டுகளின் குருத்தெலும்பு தேய்வது. காலையில் விறைப்பு இருந்தாலும் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும்.

வாதக் காய்ச்சல் என்பது பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு, தொண்டைப் புண்ணை உண்டாக்கும் ஒருவகைக் கிருமிக்குப் பின் வருவது. மூட்டு வீக்கம் சில வாரத்தில் போய்விடும். ஆனால் இருதய வால்வுகள் கெட்டுப்போகலாம். "மூட்டு வலி வந்தால் இருதயம் கெடும்" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்களே, அது பெரும்பாலும் இந்த நோயைப் பற்றியது. இதற்காகத்தான் சில பிள்ளைகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல வருடங்கள் போடுகிறார்கள்.

சிக்குன்குனியா 2006-ல் தமிழ்நாடு முழுவதும் பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். காய்ச்சல் போன பின்னும் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டுகள் வலித்தன. அது கொசு கொண்டுவரும் வைரஸ்.

நாம் பேசும் முடக்குவாதம் இவை மூன்றும் அல்ல. ஆங்கில மருத்துவத்தில் இதை ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்பார்கள். கிராமத்துப் பெரியவர்கள் சரவாங்கி என்பார்கள். கிருமியை எதிர்த்து நிற்க வேண்டிய உடலின் காவல் படை, திசை தவறித் தன் சொந்த மூட்டுகளின் உள்உறையையே தாக்குகிறது. இரண்டு கைகளிலும் ஒரே மாதிரி, சிறு மூட்டுகளில் தொடங்கும். காலை விறைப்பு ஒரு மணி நேரம், அதற்கு மேலும் நீடிக்கும். டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் நடத்தி 1993-ல் வெளியான ஆய்வு ஒன்றில், பெரியவர்களில் ஆயிரத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்நோய் காணப்பட்டது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். நூறு குடும்பங்கள் உள்ள ஒரு சபையில் இரண்டு மூன்று பேராவது இருக்கக்கூடும் என்று பொருள்.

தாம்பரம் சானடோரியத்தில் 2005-ல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தை இப்பகுதியில் எல்லாருக்கும் தெரியும். சித்த மருத்துவத்தில் இந்நோய்க்கு ஒப்பாகச் சொல்லப்படும் பெயர் "உதிர வாத சுரோணிதம்". உதிரம் என்றால் இரத்தம். இன்றைய ஆராய்ச்சி சொல்வதும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை: இது மூட்டோடு நிற்கிற நோயல்ல, இரத்தம் போகும் இடமெல்லாம் போகிற நோய்.

2. மூட்டிலுள்ள அழற்சி இரத்தக்குழாயை எப்படி எட்டுகிறது?

வீங்கிய விரலைத் தொட்டால் சூடாக இருக்கும். அதற்கு அழற்சி என்று பெயர். அங்கே கூடியிருக்கும் வெள்ளணுக்கள் சில புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றுள் முக்கியமான இரண்டு, டி.என்.எஃப். என்பதும் இண்டர்லூக்கின்-6 என்பதும். அடுப்பு எரிவது சமையலறையில்தான். புகையோ வீடு முழுவதும் பரவுகிறது. அப்படியே இப்புரதங்களும் மூட்டிலிருந்து இரத்தத்தில் கலந்து உடலெங்கும் சுற்றுகின்றன. இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்று நாங்கள் எழுதிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனைகள் அந்தப் புகையின் அளவைத்தான் காட்டுகின்றன.

இரத்தக்குழாயின் உட்புறத்தில் ஒரே ஓர் அணு கனமுள்ள மெல்லிய படலம் ஒன்று உண்டு. நல்ல நிலையில் அது வழுவழுப்பாக இருக்கும். நைட்ரிக் ஆக்சைடு என்னும் பொருளைச் சுரந்து குழாயைத் தேவைப்படி விரியச் செய்யும். இரத்தம் உறையாமலும் காக்கும். நாள்பட்ட அழற்சி இப்படலத்தைச் சோர்ந்துபோகச் செய்கிறது. குழாய் விரிய வேண்டிய நேரத்தில் விரிவதில்லை. படலத்தில் ஒட்டும் தன்மை உண்டாகி, வெள்ளணுக்களும் கொழுப்பும் சுவருக்குள் நுழைந்து திட்டுத் திட்டாகப் படிகின்றன. நாளடைவில் குழாய் விறைக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது.

மாரடைப்பு என்றால் குழாய் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொள்வது என்றே பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் நடப்பது அதுவல்ல. படிந்த திட்டின்மேல் ஒரு மூடி உருவாகியிருக்கும். அழற்சி அந்த மூடியை அரித்து மெலிதாக்குகிறது. ஒருநாள் அது வெடிக்கிறது. வெடித்த இடத்தில் இரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாயை அடைத்துவிடுகிறது. ஆகவே அடைப்பு சிறிதாக இருந்தாலும், அழற்சி மிகுந்தவருக்கு ஆபத்து பெரிதாக இருக்கலாம்.

இது வெறும் கருத்தா? 1999-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ரஸ்ஸல் ராஸ், இரத்தக்குழாய்த் தடிப்பு என்பதே ஓர் அழற்சி நோய் என்று விரிவாக எழுதினார். 2017-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு அதற்கு வலுவான சான்று தந்தது. முன்பே மாரடைப்பு வந்த, இரத்தத்தில் அழற்சி அளவு கூடியிருந்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அதில் சேர்த்தார்கள். சிலருக்கு அழற்சியை மட்டும் குறைக்கும் ஊசியைப் போட்டார்கள். கொழுப்பின் அளவு மாறவில்லை. ஆனாலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தன. கொழுப்பைத் தொடாமல் அழற்சியைக் குறைத்ததாலேயே இருதயம் பயனடைந்தது.

3. எவ்வளவு ஆபத்து?

பல நாடுகளில் நடந்த 24 ஆய்வுகளை, ஒரு லட்சத்துக்கும் அதிகமான நோயாளிகளின் விவரங்களோடு, 2008-ல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். முடக்குவாதம் உள்ளவர்கள் இருதய, இரத்தக்குழாய் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட ஏறக்குறைய 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்களின் வழிகாட்டுக் குறிப்பும், ஒருவருக்குக் கணக்கிடும் இருதய ஆபத்தை, முடக்குவாதம் இருந்தால் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளச் சொல்கிறது. நெதர்லாந்தில் 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று, முடக்குவாதம் உள்ளவருக்கு இருதய நோய் இருக்கும் வாய்ப்பு சர்க்கரை நோயாளிக்கு இருப்பதற்கு ஒப்பானது என்று கண்டது.

இந்தக் கடைசி வரியைச் சற்று நிதானித்துப் படியுங்கள். சர்க்கரை என்று தெரிந்த அன்றே நம் வீடுகளில் என்ன நடக்கிறது? காப்பியில் சர்க்கரை நிற்கிறது. இருதயத்தைப் பார், கண்ணைப் பார், காலைப் பார் என்று எல்லாரும் சொல்கிறார்கள். முடக்குவாதம் என்று தெரிந்தாலோ, தைலம் தேய்த்தாயா என்று மட்டுமே கேட்கிறோம்.

இதோடு இன்னொன்றும் சேர்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004-ல் வெளியான ஓர் ஆய்வின்படி, இந்தியா உள்ளிட்ட தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு மற்ற நாட்டினரைவிட ஐந்தாறு வருடம் முன்னதாகவே வருகிறது. ஏற்கெனவே முந்திக்கொண்டு நிற்கும் ஆபத்தின்மேல் முடக்குவாதம் ஏறி உட்காருகிறது.

மாரடைப்பு மட்டுமல்ல. பக்கவாதம் வரலாம். இருதயம் பலவீனப்பட்டு, கால் வீங்கி, இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாத நிலை வரலாம். இருதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி ஏற்படலாம். அந்த வலி படுத்தால் கூடும், முன்னால் குனிந்தால் குறையும். பல வருடம் கட்டுப்படாத நோயில், அபூர்வமாக, சிறு இரத்தக்குழாய்களே வெந்து விரல் நுனியில் கருப்புப் புள்ளிகளும் காலில் ஆறாத புண்ணும் தோன்றலாம். நல்ல மருந்துகள் வந்த பிறகு இந்தக் கடைசி நிலை மிகவும் குறைந்துவிட்டது.

4. ஏன் கண்ணில் படாமல் போகிறது?

எங்கள் சகோதரியின் விஷயத்தில் ஏன் தவறினோம் என்று உட்கார்ந்து யோசித்தபோது நான்கு காரணங்கள் தெரிந்தன.

முதலாவது, இந்நோயாளிகள் அதிகம் நடப்பதில்லை. நடந்தால்தானே நெஞ்சு அடைக்கும்? நடக்காதவருக்கு எச்சரிக்கை மணி அடிப்பதே இல்லை.

இரண்டாவது, தோள், கழுத்து, தாடை எல்லாம் ஏற்கெனவே வலிக்கும் இடங்கள். இருதய வலியும் அங்கேதான் வருகிறது. இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மூன்றாவது, தினமும் உண்ணும் வலி மாத்திரை நெஞ்சு வலியையும் ஓரளவு மறைக்கலாம். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை ஆய்வாளர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், முடக்குவாத நோயாளிகள் நெஞ்சு வலி என்று சொல்வது மற்றவர்களைவிடக் குறைவு. ஆனால் தாமே அறியாமல் மாரடைப்பு வந்து போயிருப்பதும், திடீர் மரணமும் ஏறக்குறைய இரு மடங்கு.

நான்காவது, கொழுப்புப் பரிசோதனை ஏமாற்றிவிடுகிறது. அழற்சி கடுமையாக இருக்கும்போது இரத்தத்தில் கொலஸ்டிரால் குறைந்து காணப்படும். "கொழுப்பு நார்மல்தான்" என்று சீட்டைப் பார்த்து நிம்மதியடைகிறோம். நோய் கட்டுப்பட்ட பின் மறுபடி பார்த்தால் அளவு ஏறியிருக்கும். ஆகவே நோய் அடங்கியிருக்கும் காலத்தில் எடுத்த அளவையே நம்ப வேண்டும்.

5. மருந்துகள்: நன்மையும் எச்சரிக்கையும்

இவ்வளவும் படித்துப் பயந்துபோக வேண்டாம். அழற்சியை முற்றிலும் அடக்கினால் இரத்தக்குழாயும் காக்கப்படுகிறது. அதற்கான மருந்து விலை குறைந்தது. பல வருடமாக அனுபவத்தில் இருப்பது.

அந்த மருந்து மெதோட்ரெக்சேட். இதற்கும் சென்னைக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1895-ல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டுக் கதர் அணிந்து அறுவைச் சிகிச்சை வகுப்புக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டத்தை இழந்து, அதற்குக் குறைந்த சான்றிதழே பெற்றார் என்று அவர் வரலாற்றில் சொல்லப்படுகிறது. பின்பு அமெரிக்கா சென்று, லெடர்லே ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கினார். அங்கே அவருடைய குழுவினர் உருவாக்கியவற்றுள் ஒன்றுதான் மெதோட்ரெக்சேட். முதலில் இரத்தப் புற்றுநோய்க்கான மருந்தாக வந்தது. சுப்பாராவ் 1948-ல் காலமானார். மிகக் குறைந்த அளவில் கொடுத்தால் முடக்குவாதத்தை அடக்கும் என்பது 1980-களில் உறுதியாகி, 1988-ல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதை அனுமதித்தது. இதைத் தொடர்ந்து உண்ட முடக்குவாத நோயாளிகளில் இருதய நோயால் இறந்தவர்கள் குறைவாக இருந்தனர் என்று 2002-ல் ஓர் ஆய்வு கண்டது. முடக்குவாதம் இல்லாத இருதய நோயாளிகளுக்கு இருதயப் பாதுகாப்புக்காக இதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தபோது, 2018-ல் வெளிவந்த முடிவின்படி, பலன் இல்லை. அதாவது இது இருதய மருந்தல்ல. அழற்சி மிகுந்தவருக்கு அழற்சியைத் தணிப்பதாலேயே உதவுகிறது.

இங்கே ஒரு கடும் எச்சரிக்கை. மெதோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் உண்ண வேண்டிய மருந்து. தவறுதலாகத் தினமும் உண்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்று பெரிய எழுத்தில் எழுதி அட்டையில் ஒட்டுங்கள். ஞாயிறு ஆராதனைக்குப் போய்வந்து உண்பது என்று சிலர் பழக்கப்படுத்திக்கொள்கிறார்கள்; மறப்பதில்லை. ஃபோலிக் அமில மாத்திரையை மருத்துவர் சொன்ன வேறு நாளில் உண்ண வேண்டும். கர்ப்பம் தரிக்க எண்ணும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மது கூடாது. குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது.

ஸ்டீராய்டு மாத்திரை: 1948-ல் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹெஞ்ச் என்பவர் படுத்த படுக்கையாயிருந்த பெண்ணுக்குக் கார்ட்டிசோன் கொடுத்தார். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அக்கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் வருடக்கணக்கில் உண்டால் அதுவே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றி, இரத்தக்குழாயைக் கெடுக்கிறது. குறைந்த அளவில், குறைந்த காலம் என்பதே விதி. மருத்துவரைக் கேளாமல் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

வலி மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக் போன்றவை வலியைத் தணிக்கும், நோயை அடக்கா. நீண்ட காலம் உண்டால் இரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் கெடும், மாரடைப்பு வாய்ப்பும் கூடும். ரோஃபெகாக்சிப் என்ற வலி மாத்திரையை அதைத் தயாரித்த நிறுவனமே 2004-ல் உலகம் முழுவதும் திரும்பப் பெற்றுக்கொண்டது இக்காரணத்தால்தான். மருந்துக்கடை "செட்" மாத்திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விழுங்காதீர்கள். பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. எந்த முறை மருத்துவம் எடுத்தாலும், முறையாகப் படித்துப் பதிவு பெற்றவரிடம் எடுங்கள். ஒருவர் தரும் மருந்தை மற்றவரிடம் மறைக்காதீர்கள்.

6. நம் பகுதிக்கு உரிய ஒரு கவனம்

தாம்பரம் சானடோரியம் என்ற பெயரே காசநோயிலிருந்து வந்தது. டாக்டர் சௌரிமுத்து 1928-ல் காசநோயாளிகளுக்காக இங்கே ஆரோக்கிய இல்லத்தைத் தொடங்கினார். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்றும் நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக அது நடக்கிறது.

முடக்குவாதத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு? மேலே டி.என்.எஃப். என்றோமே, அது மூட்டையும் குழாயையும் கெடுக்கும் அதே புரதம்; ஆனால் நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமியைச் சுவர் எழுப்பி அடைத்து வைப்பதும் அதுதான். அப்புரதத்தைத் தடுக்கும் நவீன ஊசிகளைப் போட்டால் மூட்டு சுகமாகும். ஆனால் சுவர் இடிந்து கிருமி வெளியே வரலாம். நம் நாட்டில் உறங்கும் காசநோய் உள்ளவர்கள் ஏராளம். எனவே இந்த ஊசிக்கு முன் நெஞ்சுப் படமும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம். இருதயம் மிகவும் பலவீனமாயுள்ளவர்களுக்கும் இவ்வூசிகளைத் தவிர்ப்பார்கள். டோஃபாசிட்டினிப் என்னும் புதிய மாத்திரை வகையில், 50 வயதைக் கடந்து இருதய ஆபத்துக் காரணங்களும் உள்ளவர்களுக்கு மாரடைப்பு சற்று அதிகம் காணப்பட்டதாக 2022-ல் ஆய்வு வெளியாயிற்று. புதியது என்பதால் எல்லாருக்கும் ஏற்றது என்று எண்ண வேண்டாம்.

7. வீட்டில் செய்யக்கூடியவை

புகையை விடுங்கள். புகையிலை போட்ட வெற்றிலையும் அப்படியே. புகைப்பழக்கம் முடக்குவாதத்தையே வரவழைக்கும் காரணங்களில் ஒன்று. இரத்தக்குழாய்க்கும் அதுவே பெரும் பகை.

பற்களையும் ஈறுகளையும் சுத்தமாக வையுங்கள். ஈறு நோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. விரல் மடங்காதவர்கள் பல் துலக்கும் பிரஷின் பிடியில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக்கொள்ளலாம்.

நடவுங்கள். "மூட்டு நோய்க்கு ஓய்வே மருந்து" என்பது பழைய எண்ணம். வீக்கம் கடுமையாயிருக்கும் நாட்களில் மூட்டுக்கு ஓய்வு. மற்ற நாட்களில் மெதுவாக 10 நிமிடத்தில் தொடங்கி நாளுக்கு அரை மணி நேரம் நடை. ஜி.எஸ்.டி. சாலை ஓரத்தில் நடக்க முடியாதவர்கள் மொட்டை மாடியிலோ ஆலய வளாகத்திலோ நடக்கலாம்.

உணவில் உப்பைக் குறையுங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் இரத்த அழுத்தத்தின் நண்பர்கள். மீன் உண்பவர்கள் மத்தி, கானாங்கெளுத்தி போன்ற விலை குறைந்த மீனைக் குழம்பு வைத்து உண்ணலாம். அவற்றிலுள்ள எண்ணெய் அழற்சியைச் சற்றுக் குறைக்கும். கத்தரிக்காய், தக்காளி ஆகாது என்று எல்லாருக்கும் பொதுவாக விலக்க வேண்டியதில்லை.

அளவுகளைத் தெரிந்து வையுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவரிடம் போகும்போதும் இரத்த அழுத்தம். வருடத்துக்கு ஒருமுறை சர்க்கரை. நோய் அடங்கிய பின் கொழுப்பு. மொத்த இருதய ஆபத்தை 5 வருடத்துக்கு ஒருமுறையாவது கணக்கிட வேண்டும்; மருந்து பெரிதும் மாறினால் மீண்டும் பார்க்க வேண்டும். நடந்து வர முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். இயன்முறைப் பயிற்சியும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடையாளங்களை அறிந்திருங்கள். நெஞ்சில் பாரம், தாடை, இடது தோள் அல்லது கையில் கடுப்பு, காரணமில்லா வியர்வை, படுத்தால் மூச்சுத் திணறல், இதுவரை இல்லாத களைப்பு. மூட்டை அசைத்தால் கூடும் வலி பெரும்பாலும் மூட்டு வலி. மூட்டை அசைக்காமலே, படி ஏறினால் வந்து நின்றால் போகும் வலி இருதய வலியாக இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதும் விடாமல் வந்தால் காத்திருக்க வேண்டாம். முகம் ஒருபக்கம் இழுத்தாலோ, கை திடீரென்று தளர்ந்தாலோ அப்படியே. "வாயுதான், சோடா குடி" என்று சொல்லாமல் 108-ஐ அழையுங்கள்.

8. சபையாராக நாம்

நம்மில் பலருக்கு நோயாளிகளைச் சந்திக்கும் நல்ல பழக்கம் உண்டு. அந்தச் சந்திப்பிலேயே கேட்கக்கூடிய கேள்விகள் இரண்டு. "பிரஷர் எப்போது பார்த்தீர்கள்? படி ஏறினால் எங்கே வலிக்கிறது?" இவ்வளவே. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று மேசையில் இருந்தால், ஒரு வருடத்தில் எத்தனையோ பேருக்கு முன்னறிவிப்புக் கிடைக்கும். முழங்காலிட முடியாதவரை நாற்காலியில் அமரச் சொல்லுங்கள். கை குலுக்கும்போது விரல்களை அழுத்தாதீர்கள். இந்நோய் வெளியே தெரியாத களைப்பைத் தரும். "நேற்று நன்றாகத்தானே இருந்தாய்" என்ற சொல் அவர்களுக்கு விரல் வலியைவிட அதிகம் வலிக்கும்.

அந்தச் சகோதரி இப்போது மெல்லத் தைக்கிறார். பாரமான வேலை இல்லை. இரவிக்கைக்குப் பொத்தான், ஓரம் அடிப்பது, அவ்வளவுதான். அவர் கேட்ட கேள்விக்குப் பின் எங்கள் மூட்டு நோய்ப் பிரிவில் ஒரு மாற்றம் செய்தோம். ஒவ்வொரு நோயாளியின் நோட்டிலும் முதல் பக்கத்தில் நான்கு கட்டங்கள் போட்டோம்: இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை. அவை காலியாக இருந்தால் மருந்துச் சீட்டு எழுதுவதில்லை என்று எங்களுக்கு நாங்களே விதி வைத்துக்கொண்டோம். கோடு போட ஒரு ஸ்கேலும் பேனாவும் போதுமாயிருந்தது. அதை ஒரு வருடம் முன்னே செய்திருக்கலாம் என்பதுதான் எங்கள் வருத்தம். உங்களில் ஒருவருக்காவது அந்த ஒரு வருடம் மிச்சமாகுமானால் இந்தப் பாடம் எழுதியதற்குப் பலன் உண்டு.

நினைவில் வைக்க

• முடக்குவாதம் மூட்டோடு நிற்பதில்லை. இரத்தக்குழாயையும் இருதயத்தையும் தொடுகிறது.
• சர்க்கரை நோயைப் போலவே இதையும் இருதய ஆபத்தாக எண்ண வேண்டும்.
• வலியைக் குறைப்பது வேறு, அழற்சியை அடக்குவது வேறு.
• மெதோட்ரெக்சேட் வாரம் ஒருநாள் மட்டுமே.
• புதிதாக வரும் களைப்பையும் மூச்சுத் திணறலையும் மூட்டின்மேல் பழி போட்டு விட்டுவிடக்கூடாது.

கூடிப் பேசுவதற்கு

1. நம் சபையில் முடக்குவாதத்தால் வராமல் இருப்பவர்கள் யார்? அவர்களைக் கடைசியாக எப்போது பார்த்தோம்?
2. நம் வீட்டில் மருத்துவர் எழுதாமல் வாங்கிய வலி மாத்திரைகள் எத்தனை இருக்கின்றன? யார் உண்கிறார்கள்?
3. நம் ஆலயத்தின் படிகளை ஏற முடியாதவருக்கு வேறு வழி இருக்கிறதா?